ஒரு டேபிளுக்காக ஆறு ஜிபியைப் பிரித்த கதை

காலை 10 மணி இருக்கும். புக்கிங் பிரிவிலிருந்து கணக்கர் போன் செய்தார். "தம்பி, எந்த ஊருக்குப் போட்டாலும் ஒரே ரேட்தான் வருது. ஏதாவது மாத்தினீங்களா?"

மாற்றியது நான்தான். ஒரு கிளைக்கு மட்டும் கட்டணத்தைத் திருத்தப் போய், எந்தக் கிளை என்ற நிபந்தனையை எழுதாமலே அப்டேட் கமாண்டை ஓடவிட்டிருந்தேன். 11,000 வரிகளும் ஒரே தொகைக்கு வந்து நின்றன.

எங்கள் பார்சல் நிறுவனத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கவனிக்கும் ஆள் நான் ஒருவன்தான். இரவு பேக்கப் தவறாமல் ஓடியிருந்தது, அதனால் முதலில் பெரிதாகப் பதறவில்லை. கோப்பைத் தேடி எடுத்த பிறகுதான் பதற்றம் வந்தது. போஸ்ட்கிரெஸில் பேக்கப் எடுக்கும் கருவி பிஜி டம்ப். அதற்கு எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லாவிட்டால், அது எல்லாவற்றையும் வெறும் எஸ்க்யூஎல் கட்டளைகள் கொண்ட உரையாக எழுதித் தரும். அதை ஜிஜிப்பில் சுருக்கி வைப்பதுதான் என் பழைய ஸ்கிரிப்ட். சுருக்கியது 6 ஜிபி, விரித்தால் 40 ஜிபிக்கு மேல். எனக்கு வேண்டிய ஒரு டேபிள் அதற்குள் எங்கோ கிடந்தது.

அதை எந்த எடிட்டரில் திறப்பது? நல்ல வேளையாக, உரை வடிவத்தில் ஒவ்வொரு டேபிளின் தரவும் 'காப்பி' (COPY) என்ற கட்டளையோடு தொடங்கும் வரியில் ஆரம்பித்து, பின்சாய்கோடும் புள்ளியும் மட்டுமே உள்ள வரியில் முடியும். கோப்பை முதலிலிருந்து விரித்துக்கொண்டே போய், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் இருப்பதை மட்டும் 'ஆக்' (awk) என்ற உரை அலசும் கருவியைக் கொண்டு வெட்டி எடுத்தேன். டேபிளைக் காலி செய்து மறுபடி நிரப்பவும் வழியில்லை. பில் டேபிள்கள் அதைச் சார்ந்திருந்தன. அதனால் தற்காலிக டேபிள் ஒன்றில் ஏற்றி, முதன்மை எண்ணை வைத்துப் பழைய கட்டணத்தை வரிக்கு வரி திருப்பி எழுதினேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதுவரை புக்கிங்கில் கையால் பில் எழுதினார்கள். என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

இரவு 2 மணிக்கு எது எளிதாக ஓடும் என்று மட்டும் பார்த்துத்தான் அதுவரை வடிவத்தைத் தேர்ந்திருந்தேன். காலை 10 மணிக்கு எதை வெளியே எடுக்க வேண்டிவரும் என்று யோசித்ததே இல்லை.

அந்த வார இறுதியில் மற்ற வடிவங்களைப் போட்டுப் பார்த்தேன். பழகிய பெயர் என்பதால் முதலில் டார். அதில் சுருக்கமே கிடையாது. டிஸ்க் நிரம்பி பாதியில் நின்றது. அதோடு விட்டுவிட்டேன். அடுத்தது கஸ்டம். ஒரே கோப்பு, தானாகவே சுருங்கிக்கொள்ளும், உள்ளே பொருளடக்கம் உண்டு. பேக்கப்பைத் திரும்ப ஏற்றும் கருவியான பிஜி ரீஸ்டோரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, வேண்டாத வரிகளுக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டுத் திருப்பிக் கொடுத்தால் மிச்சத்தை மட்டும் ஏற்றும். டேபிள் பெயரை நேரடியாகவும் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் டேபிளும் தரவும் மட்டுமே வரும், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்கள் வராது. பிஜி டம்ப்பில் அதே தெரிவு இண்டெக்ஸையும் சேர்த்து எடுக்கும் என்பதால் இங்கும் அப்படித்தான் என்று நம்பி ஏமாந்தேன். அதனால் பட்டியல் வழியே எனக்குப் பிடித்திருக்கிறது.

முழு டேட்டாபேஸையும் ஏற்றுவதில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. உரைக் கோப்பு ஒற்றை வரிசையில்தான் ஓடும். மூன்று மணி நேரம் ஆனது. கஸ்டம் கோப்பை நான்கு வேலைகளாகப் பிரித்து ஓட்டியபோது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்களுடையதில் பாதி நேரத்தைத் தின்பது இண்டெக்ஸ் கட்டுவதுதான். அவை ஒரே சமயத்தில் கட்டப்பட்டன. இதிலும் ஒரு இடத்தில் இடறினேன். பழைய ஸ்கிரிப்டில் வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டு, வெளியீட்டைக் கோப்பில் எழுதாமல் பைப் வழியே நேராக ஜிஜிப்புக்கு அனுப்பும் வரியை அப்படியே விட்டிருந்தேன். சுருங்கியதை மறுபடி சுருக்குவது வீண் வேலை. அதைவிட மோசம், பைப்பில் எழுதும்போது பின்னால் போய்த் திருத்த முடியாததால், எந்த டேபிள் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பொருளடக்கத்தில் பதிவாகாது. நேராகக் கோப்பில் எழுதும்படி மாற்றினேன்.

டைரக்டரி வடிவமும் நல்லதுதான். பேக்கப் எடுப்பதையே பல வேலைகளாகப் பிரிக்க அது ஒன்றில்தான் முடியும். ஆனால் டேபிளுக்கு ஒரு கோப்பு என்று ஒரு ஃபோல்டரே வரும். தினமும் வேறு கட்டடத்துக்கு நகல் அனுப்பும் எனக்கு ஒற்றைக் கோப்புதான் வசதி. டேட்டாபேஸ் இதைப் போலப் பல மடங்கு பெரிதானால் மாறிக்கொள்ளலாம்.

உரை வடிவத்தை முழுதாகக் கைவிடவில்லை. பயனர்களும் கடவுச்சொற்களும் பிஜி டம்ப்பில் வராது. அவற்றை பிஜி டம்ப்ஆல் என்ற இன்னொரு கருவி தனியாக உரையாக எடுத்துத் தருகிறது. டேபிள் அமைப்பை மட்டும் வாரம் ஒருமுறை உரையாக எடுத்து வைக்கிறேன். டேபிளில் எந்த நெடுவரிசை புதிதாகச் சேர்ந்தது என்று போன வாரத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, மூலையில் கிடந்த பழைய கணினியில் ஒருமுறை முழுதாக ஏற்றிப் பார்க்கிறேன். போன மாதம் முதல் வரியிலேயே நின்றது. கோப்பின் பதிப்பு தெரியவில்லை என்றது. சர்வரில் போஸ்ட்கிரெஸைப் புதுப்பித்திருந்தேன், மூலைக் கணினியில் மறந்துவிட்டேன். அதையும் புதுப்பித்து, மறுபடி ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன்.