தொண்ணூற்றேழரை மீட்டர்

அரை மாரத்தானை எல்லோரும் 21 கிலோமீட்டர் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையான தூரம் 21.0975. அந்த மிச்சம் 97.5 மீட்டரை வாயால் சொல்லக்கூட யாருக்கும் பொறுமை கிடையாது. எனக்கும் அதற்கும் இப்போது தீராத பகை.

போன முறை நான் ஓடி முடித்தது 2 மணி 3 நிமிடம் 21 நொடியில். இந்த முறை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 நொடியில் கடக்க வேண்டும். வீட்டில் அறிவித்தபோது கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "மூணு நிமிஷம்தானே, கடைசியில கொஞ்சம் வேகமா ஓடினா ஆச்சு" என்றார். ஓடாதவர்கள் சொல்லும் யோசனைகள் எப்போதும் எளிமையாகவும் கச்சிதமாகவும் இருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்து, 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே முழு மாரத்தானையே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடிவிட்டார் என்று எனக்குத் தெரிவித்தார். "நீ பாதி தூரம், அவர் முழு தூரம், நேரம் மட்டும் ஒண்ணு." அது முறைப்படி உலக சாதனையாகவே ஏற்கப்படவில்லை, முன்னால் ஆள் மாற்றி ஆள் ஓடிக் காற்றை மறைத்தார்கள் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். "உனக்கும் முன்னாடி ஆள் ஓடத்தானே போறாங்க, நிறையப் பேர்" என்றார்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடிவதற்குள் எழுந்து ஓடினேன், அவ்வளவுதான். ஆனால் போட்டிக்கு முந்தைய வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும் என்பது விதி. ஓய்வு கிடைத்ததும் உடம்பு வேலையில்லாத ஆள் மாதிரி வம்பு தேடத் தொடங்கியது. திங்கள்கிழமை இடது முழங்கால், புதன்கிழமை வலது குதிகால், வெள்ளிக்கிழமை தொண்டையில் லேசாகக் கரகரப்பு. பக்கத்து இருக்கையில் யாராவது தும்மினால் எழுந்தே போய்விட்டேன். சனிக்கிழமை இரவு, இதுவரை வலித்தே இராத ஒரு விலா எலும்பு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

போட்டி நாள் காலையில் கழிவறை வரிசையில் நின்றதுதான் அன்றைய மிகக் கடினமான பகுதி என்று அப்போது நினைத்தேன். நான்கு ஊக்குகளை வைத்து எண் அட்டையை நேராகக் குத்துவது மனிதப் பிறவிக்குச் சாத்தியமில்லை என்பதும் உறுதியாயிற்று. துப்பாக்கி வெடித்தது. யாரும் நகரவில்லை. பிறகு நடந்தோம். அப்புறம் நின்றோம். கூட்டம் அப்படி. தொடக்கக் கோட்டுக்கு நான் வந்து சேர்வதற்கே இரண்டரை நிமிடம் ஆகிவிட்டது. நல்லவேளை, எண் அட்டையில் ஒட்டியிருக்கும் சிப், கோட்டிலுள்ள பாயை நாம் மிதித்த பிறகுதான் நம் கணக்கைத் தொடங்கும்.

'2:00' என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு இளைஞர் ஓடினார். பேசர். சரியாக இரண்டு மணி நேரத்தில் முடிப்பதுதான் அவர் வேலை, ஒட்டிக்கொண்டால் நாமும் முடித்துவிடலாம். ஒட்டிக்கொண்டேன். பிரச்சினை என்னவென்றால் அவர் பேசிக்கொண்டே ஓடினார். எங்களுக்கு விடுகதை போட்டார், பாட்டுப் பாடினார், "அக்கா, தோளைத் தளர்த்துங்க, அக்கா, சிரிங்க" என்றார். அந்த வேகத்தில் பாடக்கூடிய மனிதர்கள் மேல் எனக்கு வந்த கோபத்திலேயே ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டேன்.

தண்ணீர் மேசையில் காகிதக் கோப்பை. ஓடிக்கொண்டே குடிக்க வேண்டுமென்றால் விளிம்பை நசுக்கிக் குருவி அலகு போலாக்கி வாயோரம் ஊற்ற வேண்டும், தெரியும். கை கேட்க வேண்டுமே! பாதி மூக்கில், மீதி பக்கத்தில் ஓடியவர் மேல். அவர் கோபிக்கவில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாருடனோ, "ஆமா சார், அனுப்பிடறேன், இன்னும் ஒரு மணி நேரத்துல ஃப்ரீ ஆயிடுவேன்" என்று பேசியபடியே என்னைத் தாண்டிப் போனார்.

பதினாறாவது கிலோமீட்டர் வாக்கில் கொடி விலகத் தொடங்கியது. அவர் வேகமாக ஓடவில்லை, நானும் மெதுவாக ஓடியதாகத் தெரியவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்த சாலைதான் எப்படியோ நீண்டுவிட்டது. போகட்டும், கொடி எதற்கு, கையில் கடிகாரம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். சராசரி 5:39 காட்டியது. தேவை 5:41. கிலோமீட்டருக்கு இரண்டு நொடி லாபம், இருபத்தொன்றை இரண்டால் பெருக்கினால்... அந்தப் பெருக்கலை முடிக்க எனக்கு முக்கால் கிலோமீட்டர் பிடித்தது. விடை 42 நொடி. அம்பானி வீட்டுப் பிள்ளை போலச் செல்வச் செழிப்போடு ஓடினேன்.

கடைசி வளைவு திரும்பியதும் கடிகாரம் மணிக்கட்டில் துள்ளியது. திரையில் மத்தாப்பு. 'புதிய சாதனை, அரை மாரத்தான், 1:59:12.' இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அதைப் பார்த்து ஓரத்தில் நின்ற முதலுதவித் தம்பி பதறிப்போய் என்னோடு கூடவே ஓடி வந்தார்.

"அக்கா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல தம்பி, ரெக்கார்டு."

"கோடு இன்னும் அங்க இருக்குக்கா."

இருந்தது. இருநூற்றுச் சொச்சம் மீட்டர் தள்ளி, ஒன்றும் நடக்காதது போல. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். பாயை மிதித்தபோது சிப் நேரம் 2:00:31.

பிறகுதான் இதன் சூட்சுமத்தைப் படித்தேன். பாதையை அளப்பவர்கள் சைக்கிள் சக்கரத்தில் எண்ணிக் கருவி பொருத்தி, வளைவுகளில் ஓரத்தை ஒட்டி, ஓடக்கூடிய ஆகக் குறுகிய வழியை அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டியும் வைக்கிறார்கள். அரை மாரத்தானுக்கு அது 21 மீட்டர். நானோ கூட்டத்தில் இந்தப் பக்கம் ஒருவரை, அந்தப் பக்கம் ஒருவரைத் தாண்டி, வளைவுகளில் வெளிப்பக்கமாகவே சுற்றி, தண்ணீருக்குக் குறுக்கே ஓடி வந்திருக்கிறேன். போதாததற்குச் செயற்கைக்கோளை நம்பும் கடிகாரம் உயரமான கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் தள்ளாடும். ஆக என் கடிகாரக் கணக்கில் நான் ஓடியது 21.33 கிலோமீட்டர். கூடுதலாக ஓடியதற்குப் பாராட்டு கிடையாதாம்.

சரி, அந்த 31 நொடிக்கு யார் பொறுப்பு? இதையும் விசாரித்துவிட்டேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தானை விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்காரும் இடத்துக்கு எதிரே முடித்தார்கள். அன்று வந்த தூரம் 42.195 கிலோமீட்டர். 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் பாதிதான் நம்முடையது. 97.5 மீட்டரை ஓட எனக்கு 33 நொடி ஆகும். அவர்கள் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தால் 1:59:58-ல் முடித்திருப்பேன்.

ஆக இப்போது என்னிடம் ஒரே ஓட்டத்துக்கு மூன்று நேரங்கள். கடிகாரம் சொல்வது 1:59:12. சிப் சொல்வது 2:00:31. துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணினால் 2:03:01, பாழாய்ப் போன குறுஞ்செய்தியில் அதுதான் முதலில் வந்தது, அதுவும் கணவரின் எண்ணுக்கு. "போன தடவையை விட இருபது நொடி குறைச்சிருக்க" என்று கைகொடுத்தார். அது வேறு நேரம், இது வேறு நேரம், உண்மையில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் குறைத்திருக்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. ஓட்டக் குழுவில் சிப் நேரத்தைச் சொன்னேன், அங்கே எல்லோரும் முடிவுப் பட்டியலைத் திறந்து பார்ப்பவர்கள்.

கடிகார நேரத்தை அம்மாவுக்காக வைத்திருந்தேன். அலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓடிட்டேன்" என்றேன்.

"அப்படியா கண்ணு! எத்தனாவது வந்த?"

"அதெல்லாம் ஆயிரத்துக்கு மேல போகும்மா. நம்ம நேரத்தை நாம முறியடிக்கிறதுதான் இதுல முக்கியம்."

"முதல்ல வந்தவங்களுக்கு எவ்வளவு ஆச்சு?"

"ஒரு மணி, ஒண்ணேகால் மணி நேரம் ஆகியிருக்கும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப மீதி முக்கால் மணி நேரம் நீ எங்கடி இருந்த?"