கடுப்பு எங்கே அளவு மீறுகிறதோ, அங்கே தோண்டுங்கள்

தனக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்கிறேன் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. இத்தனை வருடமாக நமக்கு நாமே சொல்லிவந்த பழைய கதைதான் திரும்ப ஓடும். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் (1875–1961) 'நிழல்' என்று பெயரிட்ட, நம்முடையது என்று நாமே ஒப்புக்கொள்ளாத அந்தப் பகுதி பெரும்பாலும் தலைகாட்டுவது அடுத்தவர் மேல் நமக்கு வரும் எரிச்சலில். காலை மிதித்தவன் மேல் கோபம் வருவது இயல்பு. மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போதும் மனதுக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால், அதில் நம்முடைய சரக்கும் கலந்திருக்கிறது.

அப்படி ஒரு எரிச்சலைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் தொடர்ந்து, தினமும் 15 நிமிடம் எழுத வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை எழுத வைத்ததும் இதே கணக்கில்தான். டைமர் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், அடித்துத் திருத்தாதீர்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்ற உறுதி இல்லாவிட்டால் கை தானாகவே நல்லபிள்ளையாக எழுத ஆரம்பித்துவிடும்.

முதல் நாள், நடந்ததை மட்டும். கேமராவில் பதிந்திருந்தால் என்ன தெரியுமோ அவ்வளவுதான். கூட வேலை செய்பவன் மேல் எரிச்சல் என்றால் இப்படி: "சரியாக ஐந்து மணிக்கு அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். என் மேசையில் இன்னும் இரண்டு ஃபைல் இருந்தது. எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது." 'பொறுப்பில்லாதவன்' என்ற சொல் இங்கே வரக்கூடாது.

இரண்டாம் நாள் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்கலாம். அவனுக்கு வைத்த பட்டத்தை எழுதி, அதை உங்கள் பக்கம் திருப்புங்கள். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'நானும் பொறுப்பில்லாதவன்தான்' என்று எழுதிப் பார்க்கிறார்கள், ஒட்டவில்லை, 'இதெல்லாம் சும்மா' என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். திருப்புவதற்கு வழி இரண்டு உண்டு. அவன் செய்வதை நானும் வேறு உருவத்தில், வெளியே தெரியாமல் செய்கிறேனா? அல்லது, அப்படிச் செய்ய ஆசை இருந்தும் எனக்கு நானே தடை போட்டிருக்கிறேனா? ஐந்து மணிக்காரன் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருந்தும். "எனக்கும் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பினால் என்னை யார் மதிப்பார்கள்?" உண்மைக்குப் பக்கத்தில் வரும்போது நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தும், அல்லது பேனா கொஞ்சம் நின்றுவிடும். ஒன்றுமே நடக்காமல் சரளமாக ஓடும் வரியைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் நாள், அந்தத் தடை எதைக் காப்பாற்றியது என்று எழுதுங்கள். ஓய்வெடுத்தால் திட்டு விழும் இடத்தில் வளர்ந்தவருக்கு ஓயாத உழைப்பு அப்போது ஒரு கவசம். நான்காம் நாள், அந்தப் பகுதி இப்போது கேட்பதில் ஒரு சின்னப் பங்கை நேர்வழியில் எப்படிக் கொடுப்பது என்று. வாரத்தில் ஒரு நாள் ஐந்தரைக்குக் கிளம்புவது போதும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் சில. 'ஏன் நான் இப்படி?' என்று ஆரம்பித்தால் நோட்டு நீதிமன்றமாகிவிடும், வாதாடிக்கொண்டே இருக்கலாம். 'அந்த நேரத்தில் எனக்கு என்ன வேண்டியிருந்தது?' என்று கேட்டால் பதில் கிடைக்கும். அடுத்தது, 'நான் ரொம்ப மோசமான ஆள்' என்று தலையில் அடித்துக்கொள்வது. பணிவு மாதிரி தெரியும், ஆனால் அது நைசாக நழுவும் வழி. மொத்தமாகத் தீர்ப்பு எழுதிவிட்டால் அந்தக் குறிப்பிட்ட பொறாமையைப் பார்க்க வேண்டியதில்லையே!

நினைப்பையே அமுக்கிவிடலாம் என்பதும் பலிக்காது. உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவின் 1987 ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று முதலில் சொல்லப்பட்டவர்கள், பிறகு நினைக்கலாம் என்றபோது, ஆரம்பத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அதற்காக ஒப்புக்கொள்வதை அனுமதிச்சீட்டாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறாமை இருக்கிறது என்று நோட்டில் எழுதலாம், அந்த ஆளைப் பற்றிப் புறம் பேசக் கிளம்ப வேண்டாம். 'உன் மேல் எனக்குப் பொறாமை' என்று அவரிடமே போய்க் கொட்டுவதும் வேண்டாம், பாரம் கைமாறும், அவ்வளவுதான்.

எழுதி முடித்த கையோடு மனம் கனக்கும். 1986 ஆய்விலும் மனதைப் பாதித்த சம்பவங்களை உணர்ச்சியோடு எழுதியவர்களின் மனநிலை உடனடியாக மோசமானது, பிந்தைய மாதங்களில்தான் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள். அதனால் தூங்கப்போகும் முன் எழுத வேண்டாம், முடித்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். கனம் போகாமல் தூக்கம் கெட்டால், பழைய வன்கொடுமை நினைவுகள் பொங்கினால், உயிரை விடலாம் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். தனியாக நோட்டோடு உட்கார்ந்து தீர்க்கும் வேலை அல்ல அது.

நான்கு நாள் முடிந்ததும் நோட்டை இரண்டு வாரம் திறக்காதீர்கள். அந்த ஆள் மறுபடி ஐந்து மணிக்குப் பையைத் தூக்கும்போது உங்கள் தாடை இறுகுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இறுகத்தான் செய்யும், முன்னைவிடச் சீக்கிரம் தளர்கிறதா என்பதுதான் கணக்கு.