எழுதாமல் விட்ட நிபந்தனை

“நீங்கள் அதை எழுதினால், நான் அவரை நம்பேல்லை எண்டு அவர் நினைப்பார், தம்பி.” யாழ்ப்பாணத்தில் காணி உறுதிகளை, அதாவது பத்திரங்களை, எழுதும் நொத்தாரிசு நான். ஒரு கடைக்காரர் சொன்ன இந்த வார்த்தைக்கு அன்று நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். அப்படிக் கருதிய பின்னரும் அந்த உரையாடல் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அவருக்குக் கஸ்தூரியார் வீதியில் கட்டடப் பொருள் கடை. முதல் போதவில்லை. கொடுப்பதற்கு உறவுக்காரரான மொத்த வியாபாரி ஒருவர் ஆயத்தமாக இருந்தார். அதற்குப் பொறுப்பாகக் கடைக்காரரின் மனைவிக்குச் சீதனமாக வந்த கொக்குவில் காணியை அறுதியாக, அதாவது நிபந்தனையில்லாத விற்பனையாக, எழுதித் தர வேண்டும் என்றும், காசும் வட்டியும் திரும்பி வந்ததும் காணியைத் திருப்பி எழுதித் தருவதாகவும் பேச்சு. அந்தப் பேச்சு மட்டும் உறுதியில் ஏறாது.

கொடுப்பவரின் விருப்பத்தைப் பேராசை என்று நான் எண்ணவில்லை. கடன் திரும்பாவிட்டால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கொண்டே ஈடாக, அதாவது அடமானமாக, வைத்த காணியை ஏலத்தில் விடலாம். தனியாள் ஒருவர் ஈட்டு உறுதியை வைத்துக்கொண்டு வழக்குத்தான் போட வேண்டும். வழக்கு எத்தனை காலம் இழுபடும் என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஈடாக இருக்க வேண்டியது விற்பனையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது.

ஒன்றில் ஈட்டு உறுதி எழுதுவோம், இல்லையேல் எவ்வளவு காலத்துக்குள் எவ்வளவு தொகையைக் கட்டினால் காணி திரும்பும் என்பதைச் சொல்லும் நிபந்தனைக் கிரயமாக எழுதுவோம் என்றேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைத் திருப்பித் தருவேன் என்று வாயால் சொன்ன வாக்கு, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் வலுவற்றது என்பதையும் விளக்கினேன். அப்போதுதான் கடைக்காரர் தொடக்கத்தில் நான் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார்.

“நம்பிக்கை இருக்கிற இடத்திலை எழுதிறதாலை என்ன நட்டம், அண்ணை?” என்று கேட்டேன்.

“நட்டம் எனக்குத்தான். காசு வராது.”

பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, “அக்கா, காணி உங்கடை. நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்றேன். “அவர் சொல்லுறதுதான்” என்றார். அதற்கு மேல் அவரிடம் எதையும் கேட்க என்னால் இயலவில்லை. கணவரும் கடன் கொடுப்பவரும் இரு பக்கமும் அமர்ந்திருக்கையில் கேட்டிருந்தாலும் வேறு பதில் வந்திராது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் தனிச் சொத்தான காணியைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அவளுடைய சொத்து யோசனையின்றிப் போய்விடக் கூடாது என்பதற்கான காவல் அது என்று சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். இங்கோ காசு தேவைப்பட்டவரே அந்தச் சம்மதத்தைத் தருபவர். காவலும் அவரே, கடனாளியும் அவரே என்றால் சட்டம் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

நிபந்தனை இல்லாமல் எழுத மாட்டேன் என்றேன். எழுந்து போனார்கள். வேறோர் இடத்தில் அறுதி உறுதி முடிந்தது. காசு வந்தது, கடை நிமிர்ந்தது, கடன் தீர்ந்ததும் அந்த உறவுக்காரர் ஒரு சொல்லும் பேசாமல் காணியைத் திருப்பி எழுதிக் கொடுத்தார். “பாத்தியளே தம்பி, ஒண்டும் நடக்கேல்லை” என்று கடைக்காரர் பின்னொரு நாள் வீதியில் சிரித்தபடி சொன்னார். போகும்போதும் திரும்பும்போதும் முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை கட்டியதை நினைவூட்டலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

அறுதி உறுதியை நானே எழுதியிருந்தாலும் அந்த அம்மா முற்றாகக் கைவிடப்பட்டிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு, காணியின் பயனுரிமையைக் கொடுக்கும் எண்ணம் உரிமையாளருக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், வாங்கியவர் அவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று கொள்ளும். விலை சந்தைப் பெறுமதியிலும் மிகக் குறைவாக இருந்ததா, விற்றவரே தொடர்ந்து குடியிருந்தாரா, உறுதிச் செலவை யார் கொடுத்தார் என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். அதை நிறுவ வாய்மொழிச் சான்று கொண்டுவருவதை 1840 ஆம் ஆண்டுச் சட்டமோ சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவோ தடுக்காது என்பது, 1991 ஆம் ஆண்டின் தயாவதி எதிர் குணசேகர தீர்ப்பிலிருந்து நாங்கள் எடுத்துக்காட்டி வாதிடுவதுதான்.

ஆனால் அது வழக்குக்குப் போனவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. இடையில் அந்த உறவுக்காரர் இறந்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் உறுதியை மட்டும் பார்த்திருந்தால்? எதுவும் அறியாத ஒருவர் நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியிருந்தால், அவருக்கு எதிராக 83 ஆம் பிரிவும் உதவாது. ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த மனிதரின் நேர்மைக்குச் சான்றே தவிர, உறுதியின் நேர்மைக்கு அல்ல. இப்படிச் சொல்லும்போது என் பக்கம் பலமாகத்தான் தெரிகிறது. ஆயினும் கடன் என்று அறிந்தும் விற்பனை என்று எழுதிய நொத்தாரிசு நாளை சாட்சிக் கூண்டில் நிற்க நேரிடும் என்ற எண்ணமும் அன்று எனக்குள் இருந்தது. அந்த அம்மாவின் காணியைக் காத்தேனா, என் உரிமத்தைக் காத்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பின்னர் அந்த அம்மா தனியாக வந்தார். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, காணி தன் பெயருக்கு உண்மையில் திரும்பிவிட்டதா என்று சொல்லும்படி கேட்டார். திரும்பியிருந்தது. இது நான் சரி என்பதைக் காட்டுகிறதா? நான் எழுதியிருந்தாலும் அவர் வந்து தேடியிருப்பாரோ என்னவோ.

இப்போது இத்தகைய உறுதிகளுக்கு வருவோரிடம், காணி யாருடையதோ அவருடன் மற்றவர்களை வெளியில் இருத்திவிட்டுச் சில நிமிடம் பேசுகிறேன். மூத்த சட்டத்தரணி ஒருவர் இதை ஏற்பதில்லை. வாசித்து விளக்குவதோடு நொத்தாரிசின் கடமை முடிகிறது, கணவன் மனைவிக்கு நடுவில் கதிரை போடுவது எங்கள் வேலையல்ல என்கிறார். கடைசியாக அப்படிப் பேச அழைத்தபோது, அந்தப் பெண்ணும் கணவர் இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் அவரை மீண்டும் உள்ளே கூப்பிட்டேன்.