வளர்பிறை நாட்குறிப்பு: நாமக்கல் மொட்டை மாடியிலிருந்து

2025 பிப்ரவரி 3, திங்கள்

இந்த வளர்பிறையில் வானம் விடுகிற ஒவ்வொரு இரவும் நிலாவின் பள்ளங்களைப் படம் பிடித்து, அன்றன்றே எழுதிவிடுவது என்று வைத்திருக்கிறேன். பள்ளங்கள் எப்போதும் அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளம் படத்தில் ஆழமாகத் தெரிவது வளர்பிறையில் ஓரிரண்டு இரவு, தேய்பிறையில் ஓரிரண்டு விடியல், அவ்வளவுதான். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டை டெர்மினேட்டர் என்பார்கள். அந்தக் கோடு நிற்கிற இடத்தில் சூரியன் அப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கும், சின்ன மேட்டுக்கும் நீள நிழல் விழும். ஒரே நாளில் அது சுமார் 12 டிகிரி தள்ளிப் போய்விடும், அப்புறம் அடுத்த மாதம்தான்.

இன்றைக்குக் கோடு சரியாக தியோஃபிலஸ் மேல் நின்றது. 100 கி.மீ. அகலமுள்ள பள்ளம். உள்ளே மை ஊற்றின மாதிரி இருட்டு, மேற்குச் சுவரின் உச்சி மட்டும் வெயில் பட்டு வளைந்த ஒரு கோடாக மின்னியது.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 8 அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடி டெலஸ்கோப்), குவியத்தூரம் 1200 மி.மீ. குவியத்தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் 2400. பின்னால் கிரகங்களைப் படம் பிடிக்கும் சின்ன கேமரா, ஒரு பிக்சல் 2.9 மைக்ரான், வயர் லேப்டாப்புக்குப் போகிறது. இந்தக் கணக்கில் நிலாவில் ஏறத்தாழ 450 மீட்டர் ஒரு பிக்சலில் அடங்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று இருட்டாக இருந்த தியோஃபிலஸுக்குள் இன்று வெயில் இறங்கிவிட்டது. நடுவிலுள்ள மலைக்கூட்டம் தனித்தனிச் சிகரமாகத் தெரிகிறது, கிழக்குச் சுவரின் நிழல் தரையில் பாதி தூரம் வரை படர்ந்திருக்கிறது. அந்த நிழலைப் படத்தில் அளந்து பார்த்தேன். 40 பிக்சல், சாய்வைச் சரிசெய்தால் சுமார் 19 கி.மீ. அந்த இடத்தில் இன்று மாலை சூரியனின் உயரம் ஏறத்தாழ 12 டிகிரி. பள்ளிக்கூடத்தில் படித்த டேன் கணக்கைப் போட்டால் சுவரின் உயரம் நாலு கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு நிலாவில் ஒரு சுவரை அளக்க முடிகிறது என்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கோடு இன்று போய் நின்ற இடம் டேகார்ட் மேட்டுப்பகுதி. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 இறங்கியது அங்கேதான். அவர்கள் அள்ளி வந்த கற்களில் பெரும்பகுதி அனார்த்தசைட் வகை. நிலா பிறந்த புதிதில் மேற்பரப்பு முழுக்க உருகிக் கடலாகக் கிடந்தபோது, எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் கனிமம் மேலே மிதந்து வந்து உறைந்துதான் இந்த வெள்ளை மேட்டு நிலம் உண்டானது. அதே இனத்துப் பாறை எங்கள் மாவட்டத்திலேயே பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க நிலா மண் மாதிரி தேவைப்பட்டபோது, இஸ்ரோ இங்கிருந்துதான் பாறையை எடுத்துப்போய்ப் பொடியாக்கியது. இந்த ஊரில் இருந்துகொண்டு நிலாவின் தெற்கு மேட்டு நிலத்தைப் படம் பிடிப்பது எனக்குச் சொந்த விஷயம் மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் மேலே வந்தான். "அண்ணா, விக்ரம் இறங்கின இடம் தெரியுமா?" தெற்கு ஓரத்தில் மான்சினஸ் பள்ளத்தைக் காட்டி, அதற்குச் சற்றுத் தள்ளி என்றேன். லேண்டர் தெரியாதா என்றான். இந்த டெலஸ்கோப்பில் பிரித்துப் பார்க்க முடிகிற மிகச் சிறிய பொருளே ஒரு கிலோமீட்டர் இருக்க வேண்டும், லேண்டர் நம் மாடி அறை அளவுகூட இல்லை என்று சொன்னேன். அவன் அதற்கும் சலிக்காமல் ரொம்ப நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 5, புதன்

அரை நிலா. இரவு பத்து மணிவாக்கில் டெர்மினேட்டரின் இருட்டுப் பக்கத்தில் 'எக்ஸ்' எழுத்து தெரிந்தது. பர்பாக், லா கெய்ல், பிளான்கினஸ் என்ற மூன்று பள்ளங்களின் விளிம்புகள் சந்திக்கிற இடத்தில் உச்சிகள் மட்டும் வெயில் வாங்குவதால் வருகிற உருவம். சில மணி நேரம்தான் நிற்கும். பார்த்தேன், எடுத்தேன், படுத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தை கிருத்திகை. பேருக்கேற்றபடி நிலா கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி ரோகிணியும் வியாழனும். சாயங்காலம் ஏழரைக்கு நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருந்தது. படத்துக்கு அது நல்லது, காற்றின் குறுக்கே ஒளி வருகிற தூரம் குறைவு. டாப்சோனியனைத் தள்ளுகிறவனுக்குத்தான் கஷ்டம். உச்சிக்குப் பக்கத்தில் குழாயைக் கொஞ்சம் நகர்த்த அடிப்பலகையை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும். லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் நண்பர் கனமான ஒரு இரும்பு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் யாராவது மாடிப்படி ஏறினால்கூடப் படம் ஆடும்.

இன்று டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாகெல் என்ற மூன்று பள்ளங்களும் வரிசையாக. டாலமேயஸின் தரை சமமாக இருக்கும் என்று புத்தகம் சொல்லும், ஆனால் இந்தத் தாழ்ந்த வெயிலில் பாருங்கள், மேலோட்டமான குழிகள் சாணி மெழுகிய தரையில் விரல் பட்ட தடம் போலத் தெரிகின்றன. நாளைக்கே அவை காணாமல் போய்விடும். அல்ஃபோன்சஸ் மேல்தான் 1965 மார்ச் 24இல் ரேஞ்சர் 9 விண்கலம் மோதியது, மோதும் வரை அது அனுப்பிய படங்கள் அமெரிக்காவில் தொலைக்காட்சியில் நேரடியாகப் போயின.

பிப்ரவரி 7, வெள்ளி

சீயிங், அதாவது காற்றின் நிதானம், மோசம். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் ராத்திரியில் சூட்டைக் கக்குகிறது, லேப்டாப் திரையில் பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளிகின்றன. தரையில் நாலு குடம் தண்ணீர் தெளித்தேன், கண்ணாடி ஆற ஒரு மணி நேரம் விட்டேன், சிவப்பு ஃபில்டர் போட்டேன். நீல ஒளி அளவுக்குச் சிவப்பு ஒளி காற்றில் அலைக்கழியாது, நிலாவுக்கு நிறமும் பெரிதாகத் தேவையில்லை. பத்தரைக்கு மேல் சற்று அடங்கியது. கோப்பர்நிக்கஸ் பள்ளத்தில் சூரிய உதயம், வளையம் முழுதும் வெளிச்சம், உள்ளே இருள். நேரான சுவர் என்கிற ரூபெஸ் ரெக்டா 110 கி.மீ. நீளத்துக்குக் கறுப்புக் கோடாக விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

இன்றைய படம்தான் இதுவரை வந்ததில் சிறந்தது. கோப்பர்நிக்கஸ், 93 கி.மீ. உள்சுவர் சரிந்து சரிந்து படிப்படியாக இறங்குகிறது, நடுச்சிகரங்களுக்குத் தனித்தனியே நிழல், வெளியே சுற்றிலும் வீசியெறியப்பட்ட கற்கள் விழுந்து உண்டான சின்னக் குழிகளின் சங்கிலிகள். தெற்கே கிளேவியஸும் உண்டு. இந்த வாரம் நிலா தெற்கு முனையைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்த்துக் காட்டுவதால், அதன் உள்ளே பெரிதிலிருந்து சிறிதாக வளைந்து போகிற பள்ள வரிசை நன்றாக விரிந்து தெரிகிறது. அந்தப் பகுதியில்தான் வெயில் படும் பரப்பிலும் நீர் மூலக்கூறு இருக்கிறது என்று சோஃபியா விமானத் தொலைநோக்கியின் முடிவுகளை 2020இல் வெளியிட்டார்கள்.

எடுக்கும் முறையைக் கேட்கிறவர்களுக்கு: ஒற்றைப் புகைப்படம் எடுப்பதில்லை, வீடியோதான். என் டெலஸ்கோப்புக்கு மோட்டார் கிடையாது, அதனால் பள்ளத்தைத் திரையின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். பூமியின் சுழற்சியில் அது தானாக மறு ஓரத்துக்கு நகர அரை நிமிடம் ஆகும், அந்த நேரத்துக்குள் ஷார்ப்கேப் மென்பொருளில் ஆயிரக்கணக்கான ஃபிரேம் பதிவாகிவிடும். பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் அவற்றில் தெளிவானவற்றைப் பொறுக்கி அடுக்கும். பத்து சதவீதம் எடுத்தாலே போதும். கடைசியில் ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் வேவ்லெட் என்கிற கூர்மையாக்கல். இங்கேதான் பலர் கை மீறிப்போகிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் வெள்ளை நூல் கட்டின மாதிரி ஒரு கோடு வந்துவிட்டால் கூர்மையாக்கல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அது நிலாவில் இல்லாத கோடு, அதைப் படத்தில் விடக்கூடாது.

பிப்ரவரி 10, திங்கள்

இந்த இரவுக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். புயல் பெருங்கடல் என்கிற கருஞ்சமவெளியில், பளீரென்று மின்னும் அரிஸ்டார்கஸ் பள்ளத்துக்கு மேற்கே, ராமன் என்று ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. சர் சி.வி. ராமன்தான், திருவானைக்காவலில் பிறந்தவர். முன்பு ஹெரோடோட்டஸ் டி என்று எழுத்துக் குறியோடு இருந்ததற்கு 1976இல் அவர் பெயர் வைத்தார்கள். அகலம் 10 கி.மீ.தான், மேற்கு ஓரத்தை நோக்கி இருப்பதால் நசுங்கி நீள்வட்டமாகத் தெரியும்.

முதலில் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெரோடோட்டஸுக்கு வந்து, அங்கிருந்து மேற்கே நகர்ந்தேன். இரவு பத்து மணிக்கு அந்த இடத்தில் சூரியன் உதித்துச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அடுக்கி முடித்த படத்தில் உயரம் இருபது பிக்சல், அகலம் பத்துப் பதினொன்று. ஒரு பக்கம் கறுப்பு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் பிறை, வெளியே தரையில் மெலிதாக ஒரு நிழல். அவ்வளவு சின்னது. ஆனாலும் பள்ளம் என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது. அப்பாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "இதா? இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுடா" என்றார். பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்று சொல்லியும் அச்சுப்போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். நிலா கிட்டத்தட்ட முழுசு. சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிப்பதால் நிழலே இல்லை, பாடுபட்டு எடுத்த தியோஃபிலஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, கிளேவியஸ் போன இடம் தெரியவில்லை. அழகான நிலா என்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற நாளில் பள்ளங்களுக்கு வேலையில்லை. டைகோ பள்ளத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கதிர்கள் மட்டும் இன்றைக்குத்தான் முழுதாக விரிகின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மோதலில் தெறித்த பொடி, சில கதிர்கள் ஆயிரம் கி.மீ.க்கும் மேல் ஓடுகின்றன. பார்லோவைக் கழற்றிவிட்டு, துண்டு துண்டாக எடுத்து முழு வட்டமாக ஒட்டினேன்.

அடுத்த வளர்பிறை அரை நிலா மார்ச் 6. அதற்கு அடுத்த ஓரிரு இரவுகளில் வடக்கே பிளேட்டோ பள்ளத்தின் தரையில் ஊசி ஊசியாக நிழல் விழுவதைப் பிடிக்க வேண்டும். இந்த முறை கோடு அங்கே நின்றபோது நான் தெற்கிலேயே இருந்துவிட்டேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தம்பூண்டிக்குப் போய் அந்தப் பாறையைக் கிட்டத்தில் படம் எடுத்து, அப்பல்லோ 16 இறங்கிய பகுதியின் படத்தோடு சேர்த்து இங்கே போடுகிறேன்.