முகப்புக் கதவு

நவம்பர் 16, 2025, ஞாயிறு. காரைக்குடி

சென்ற குளிர்காலத்தில் மூன்று மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் இருந்தபோது பார்த்தவற்றை அப்போதே எழுதாமல் விட்டுவிட்டேன். டிசம்பர் 10 அன்று மறுபடியும் புறப்படுவதால், அதற்குள் எழுதிவிட எண்ணுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் சென்று பார்த்துவரும் சுகாதாரச் செவிலியாக மகள் வேலை செய்கிறாள். குழந்தையின் எடையையும் வளர்ச்சியையும் கவனிப்பதுதான் அவள் வேலை என்று நினைத்திருந்தேன். வீட்டில் அரிசியோ ரொட்டியோ இல்லாதவர்களுக்கு உணவு வங்கிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் அதில் அடக்கம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

உணவு வங்கி என்பது பெரும்பாலும் ஒரு தேவாலயக் கூடத்தில் வாரத்தில் ஓரிரு நாள் நடப்பது. மருத்துவரோ செவிலியோ பள்ளியோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினால் மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும். 2000ஆம் ஆண்டில் சாலிஸ்பரி நகரில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய ட்ரஸல் என்ற அமைப்பின் மையங்கள் மட்டும் 2023-24இல் 31 இலட்சம் பொட்டலங்களைக் கொடுத்திருக்கின்றன. நான் உதவிக்குப் போயிருந்த நாளில், மின்கெண்டியில் கொதிக்கும் நீரை ஊற்றினாலே உண்ணக்கூடிய பொருள்களை மட்டும் தனியாகக் கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். அடுப்பு இல்லாதவர்களுக்கும், இருக்கும் அடுப்பை எரிக்கக் காசில்லாதவர்களுக்கும் அந்தப் பொட்டலம் என்று விளக்கினார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 19, புதன்

நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்குக் காலையில் போயிருந்தேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எந்தப் பிள்ளையின் தட்டில் வைக்கும் முன்பும் தகப்பனின் வருமானம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது ஏழு வயது வரைக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் மதிய உணவு இலவசம். அதன் பிறகு, அரசின் உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தாலும், உழைத்து வரும் வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் புதிதாக விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. வாடகையும் மின்கட்டணமும் கொடுத்து அந்தத் தொகையில் ஒரு குடும்பம் அங்கே வாழவே முடியாது. உதவித்தொகை பெறும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் 2026 செப்டம்பரிலிருந்து உணவு உண்டு என்று இந்த ஆண்டுதான் அறிவித்திருக்கிறார்கள். அதுவரையில், ஏழு வயது நிறைந்து அடுத்த வகுப்புக்குப் போனதாலேயே ஒரு பிள்ளையின் மதியச் சோறு நின்றுபோகும் கொடுமை நடந்துகொண்டுதான் இருக்கும்.

நவம்பர் 22, சனி

மழை விடவில்லை. வளவு முற்றத்தில் நீர் தேங்கி, இரண்டாம் கட்டின் ஓடுகள் இரண்டு இடத்தில் ஒழுகுகின்றன. பங்காளிகள் பதினொரு பேரும் கையெழுத்திட்டால் ஒழிய இந்த வீட்டைச் சீராகச் செப்பனிடவும் முடியாது, விற்கவும் முடியாது.

இந்த வீட்டில் நாங்கள் பட்டினி கிடந்திருக்கிறோம் என்று சொன்னால், ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் படமெடுக்க வரும் சுற்றுலாப் பயணிகள் நம்பமாட்டார்கள். என் பாட்டனாரான ஐயா 1942இல் ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர்கள். சுதந்திர பர்மாவில் 1948க்குப் பிறகு நிலங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த சிறு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளப் போன என் தகப்பனார் அப்பச்சியும், 1964இல் கடைகளும் பறிபோனபின் வெறுங்கையோடு திரும்பினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. ஆத்தா வெள்ளிச் சாமான்களை இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். அடுத்து இனாமல் அடுக்குகள் போயின, பின்னர் பின்கட்டுத் தூண்கள் போயின. விற்பனை எப்போதும் பின்கட்டிலிருந்தே தொடங்கும். ஊர் பார்க்கும் முகப்புக் கதவு மட்டும் கடைசி வரைக்கும் எண்ணெய் பூசி மினுக்கப்பட்டு நிற்கும். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடக்கும்போது, குடும்ப விலாசம் பொறித்த பாத்திரங்களை நான் இன்றுவரை திருப்பிப் பார்த்ததில்லை.

அந்த நாளில் பள்ளியில் காமராசர் கொண்டுவந்த மதிய உணவு இருந்தது. பெரிய வீட்டுப் பெண் அந்த வரிசையில் நிற்கலாகாது என்று ஆத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருப்பேன். இதை என் மகளிடம்கூட லீட்ஸுக்குப் போகும்வரை சொன்னதில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

லீட்ஸிலிருந்து யார்க் நகரம் அருகில்தான் இருக்கிறது. அங்கே சாக்லேட் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுன்ட்ரீ என்பவர், அந்நகரத்தில் 11,560 தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாக விசாரித்து, நகர மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வறியவர்கள் என்று 1901இல் வெளியிட்டார். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் போதுமான தொகையை அவர் வறுமைக் கோடாகக் கிழித்தார். அந்தத் தொகையில் வாழும் குடும்பம் வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக்கூட முடியாது, ஏனெனில் தபால் செலவுக்கு அதில் இடமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பிழைப்புக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய ஊரில் பிறந்தவளுக்கு, இது போதும் அந்தக் கோடு எவ்வளவு கீழே இருந்தது என்று விளங்க.

இன்றைய கணக்கு வேறு. நாட்டின் வருமான வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தில் 60 சதவிகிதத்துக்கும் கீழே இருப்பவர்களை வறியவர்கள் என்கிறார்கள். வீட்டுச் செலவு போக எஞ்சுவதைக் கொண்டு கணக்கிட்டால், 2023-24இல் பிரிட்டனில் அப்படிப்பட்ட குழந்தைகள் 45 இலட்சம் பேர். அவர்களில் பத்தில் ஏழு பேருடைய வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போகிறார். உழைக்காததால் வந்த வறுமை என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு செய்தியையாவது அறிந்துகொண்டு பேச வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

மகள் விடியற்காலையிலேயே அழைத்துவிட்டாள். அவளுக்கு நள்ளிரவு. “ஆத்தா, இரண்டு குழந்தை வரம்பை எடுத்துவிட்டார்கள்” என்றாள். 2017 ஏப்ரல் 6 அன்றும் அதன் பின்னும் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு, சில விலக்குகள் தவிர, உதவித்தொகை கிடையாது என்றிருந்த விதியை, வரும் ஏப்ரலிலிருந்து நீக்குவதாக நேற்றைய நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு மாதம் ஏறத்தாழ 300 பவுண்டு கிடைக்கும். தான் போய்வரும் வீடுகளில் யார் யாருக்குக் கிடைக்கும் என்று விரல் விட்டு எண்ணினாளாம்.

எண்ணிய கையோடு, “அந்தத் தம்பி வீட்டுக்கு இதுவும் கிடையாது” என்றாள். அந்தத் தம்பி நம் பக்கத்துப் பையன். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான விசாவில் 2023இல் மனைவியோடு போனார். தாயின் நகைகளையும் ஒரு துண்டு நிலத்தையும் விற்றுத் தரகருக்குக் கொடுத்தார். அங்கே போனபின், சொன்ன மணிநேரத்தில் பாதிக்குக்கூட வேலை தரவில்லை. கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அரசின் பொது உதவித்தொகை எதையும் பெறக்கூடாது என்பது விசாவின் நிபந்தனை. உணவு வங்கி அந்த நிபந்தனைக்குள் வராது என்பதால் மகள் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். “ஊருக்கு மட்டும் தெரிய வேண்டாம் அக்கா” என்றாராம். அவரிடம் ஒப்புதல் கேட்டு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 3, புதன். திருக்கார்த்திகை

முகப்பு முழுவதும் அகல் ஏற்றினேன். லீட்ஸில் முன்பணம் போட்டு மின்சாரம் எடுக்கும் மீட்டர் உள்ள வீடுகளில், பணம் தீர்ந்தால் வெளிச்சமும் வெப்பமும் ஒன்றாக நின்றுவிடும். விளக்கே ஏற்றாத நாளுக்கும் அன்றாடக் கட்டணம் கடனாக ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை நான் முதலில் நம்ப மறுத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கொப்புடையம்மன் கோவிலில் அந்தத் தம்பியின் தாயைப் பார்த்தேன். அவர் வீட்டிலேயே பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். மகன் அனுப்பிய படத்தைக் காட்டினார். சாலையோரம் நின்றிருந்த யாருடைய காருக்கோ பக்கத்தில் குழந்தையோடு நிற்கிறார்கள்.

“அங்க அவனுக்கு ஒரு குறையும் இல்ல ஆச்சி. இருந்தாலும் மணகோலமும் சீப்புச் சீடையும் செஞ்சு தாரேன், கொண்டுபோய்க் குடுங்க” என்றார்.

நான் சரியென்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். என்னையறியாமல், “பலகாரம் கொஞ்சம் போதும். சத்துமாவு, இடியாப்ப மாவு, பருப்புப் பொடி, இப்படி ஏதாவது இருந்தால் நிறையவே கொடுங்கள். என் பெட்டியில் இடம் இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கைப்பேசியை முந்தானையால் துடைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு சன்னதிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாக்கை மீறிவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று காலை அவர் ஆட்டோவில் வந்தார், பின்வாசல் வழியாக. மாவும் பொடியும் வத்தலுமாகப் பதினான்கு கிலோ. வறுத்து, அரைத்து, சலித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் அளவை எழுதி ஒட்டியிருந்தார். கைக்குழந்தைக்கு ராகிக் கூழ் மாவு தனியாக இருந்தது. மணகோலம் ஒரு சிறு டப்பாவில் மேலாக வைக்கப்பட்டிருந்தது.

நானும் அவரும் மகனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. புறப்படும்போது, “பலகாரம் அனுப்பியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க ஆச்சி” என்றார். என் புடவைகளில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டி முடித்திருக்கிறேன்.