அம்மாட வெள்ளையணு ஏன் கூடினது

போன மாசம் அம்மாவுக்கு முட்டு (ஆஸ்துமா இழுப்பு) கூடி ராவு முழுக்க கட்டில்ல குந்திட்டே இருந்தா, விடியக் கொண்டுபோய்க் காட்டினம், பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை 40 மில்லிகிராம் படி அஞ்சு நாளைக்கு எழுதித் தந்தாங்க. மறுநாள் ரத்தம் செக் பண்ணினா வெள்ளையணு 16,800, முதல் நாள் 9,400தான். "என்னகா புள்ள, மருந்து குடிச்சும் கிருமி கூடிட்டா?" எண்டு கேட்டா. துண்டு தந்த இடத்துல ஒருத்தரும் விளக்கம் சொல்லல்ல, அதுதான் எனக்குக் கவலை, அவ அண்டு ராவு சோறும் தின்னல்ல.

வெள்ளையணுவுல ஒரு வகை நியூட்ரோஃபில், ரத்தத்துல உள்ள அதுல கிட்டத்தட்ட அரைவாசி ஓடிட்டு இருக்காது, ரத்த நாளச் சுவர ஒட்டிக்கிட்டு நிக்கும், ஊசியில எடுக்கிற ரத்தத்துல அதுகள் வராது. ஸ்டீரொயிட் உள்ள போனா ஒட்டினதெல்லாம் கழண்டு ஓட்டத்துக்கு வந்துரும், என்பு மச்சையில இருந்தும் புதுசா இறங்கும், 4–6 மணித்தியாலத்துல எண்ணிக்கை ஏறிரும்.

அம்மாக்கு குருமண்வெளிப் பாதைய, அதான் ஆக்கள ஏத்தி வாவியக் கடக்கிற மிதவைய, வச்சுச் சொன்னன். மண்டூருக்குப் போற பாதை கரைக்குக் கிட்ட வேகம் குறைஞ்சு மெல்ல வரும், மறுகா கயிறு போட்டுக் கட்டினாத்தான் ஆக்கள் இறங்கலாம். வெள்ளையணுவும் அப்படித்தான், சுவர்ல உள்ள செலெக்டின் எண்ட புரதம் புடிச்சு வேகத்தக் குறைக்கும், மறுகா ஐகாம் 1 எண்ட கட்டையில அணுட இன்டெக்ரின் கயிறு இறுகும், அதுக்குப் பிறகுதான் இடுக்கால பூந்து சுவாசக் குழாய வீங்க வைக்கும். ஸ்டீரொயிட் சுவர்க் கலத்துட கருவுக்குள்ள போய் என்எஃப் கப்பா பி எண்ட சுவிட்ச அமத்துது, செலெக்டினும் ஐகாமும் புதுசா உண்டாகிறது குறைஞ்சிரும். இதுக்கு மணிக்கணக்கு எடுக்கும், அதான் முட்டு வந்த உடனே இழுக்கிற நீல பம்ப் மாதிரி குளிசை குடிச்ச கையோட நெஞ்சு லேசாகாது.

அதே துண்டுல இயோசினோஃபில் எண்ட இன்னொரு வகை வெள்ளையணு 0. முட்டுக்காரருக்கு கரைச்சல் குடுக்கிறதுல பெரிய ஆள் அதுதான், அத விரல் வச்சுக் காட்டின பிறகுதான் அம்மாட முகம் தெளிஞ்சது.

ஆனா எண்ணிக்கை கூடினா உடம்புக்குப் பலம் கூடிட்டெண்டு இல்ல. கிருமி உள்ள இடத்துக்கும் அந்த அணுக்களால லேசில போக ஏலா, அதால காய்ச்சல் வந்தாலோ சளி நிறம் மாறினாலோ "எல்லாம் ஸ்டீரொயிட்டாலதான்" எண்டு விட்டுராம காட்டுங்க. மாசக்கணக்கா குடிக்கிறவங்க தாங்களா நிப்பாட்டவும் கூடா.

பத்தாம் நாள் 8,900. இப்ப பிரவுண் பம்ப் தந்திருக்காங்க, அதுவும் ஸ்டீரொயிட்தான், மைக்ரோகிராம் கணக்குல நேரா சுவாசக் குழாய்க்கே போகும், காலையும் ராவும் இழுத்துட்டு கிணத்தடியில வாய் கொப்பளிக்கிறா.