குதிரைமுக மலையும் ஜீப்காரர் கணக்கும்

முதலில் ஜீப் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், வயிறு இன்னும் எரிகிறது. கர்நாடகாவில் இருக்கும் குதிரைமுக மலை ஏறப் போயிருந்தோம். சம்சே என்ற ஊர்ப் பக்கம் தங்கிவிட்டு, மலையேற்றம் தொடங்கும் முல்லோடிக்குப் போக முழு வண்டிக்கு 2,500 ரூபாய் பேசினோம். வழியில் இன்னும் நாலு பேரை ஏற்றி, அவர்களிடமும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார் மனுஷன். கேட்டால், "ரோடு நோடி சார்" என்கிறார், ரோட்டைப் பாருங்கள் என்று கன்னடத்தில். ரோடு மோசம்தான், இடுப்பு கழன்றுவிட்டது. அதற்காக ஒரே சவாரிக்கு இரட்டை வசூலா?

சரி, மலைக்கு வருவோம். குதிரைமுக தேசியப் பூங்காவில் போக வர சுமார் 20 கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 1,890 மீட்டர். மேலே தங்க அனுமதி இல்லை, பொழுது சாய்வதற்குள் இறங்கியாக வேண்டும். முதலில் சோலையும் ஓடைகளும். பிறகு திறந்த புல்வெளி ஏற்றம், அங்கேதான் தொடை கெஞ்சும். மழை விட்டும் விடாத செப்டம்பர் என்பதால் அட்டை வேறு. புல் நுனியில் எழுந்து நின்று ஆடும். சாக்ஸ் பின்னலுக்குள் நூலாக நுழைந்து, திராட்சை அளவுக்கு வெளியே வரும். மூக்குப்பொடியும் உப்பும் கட்டாயம். கடையில் விற்கும் விலை உயர்ந்த அட்டை சாக்ஸ் தண்டம்.

துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்று ஆறுகளும் பிறக்கும் கங்காமூலா இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. இதே மலைத்தொடரை இரும்புத்தாதுக்காக வருஷக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். தேசியப் பூங்காவாக 1987-ல் அறிவித்த பிறகும் வெட்டினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டு 2005 முடிவோடுதான் நிறுத்தியது. கூட வந்த வழிகாட்டிப் பையன் சுரங்கம் இருந்த திசையைக் காட்டினான். பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதுவரை நன்றாகவே இருந்தது.

உச்சியில்? வெள்ளை மூட்டம். பக்கத்தில் நின்ற நண்பன் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. காற்று ஆளைத் தள்ளியது. சட்டென்று மூட்டம் கிழிந்து, கீழே மேற்குச் சரிவு முழுவதும் ஒரு நிமிஷம் திறந்தது பாருங்கள், நான் கத்தியே விட்டேன்! ஜீப்காரரைக்கூட மன்னித்திருப்பேன், அந்த ஒரு நிமிஷம் மட்டும்.

இறங்கியதும் தங்கிய வீட்டம்மா போட்ட அக்கி ரொட்டி (அரிசி மாவு ரொட்டி), தேங்காய்ச் சட்னி, சூடான சாறு (நம்ம ரசம் மாதிரி). எத்தனை ரொட்டி என்று எண்ணவில்லை, அவரும் எண்ணிக் காசு கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: வனத்துறை அனுமதியை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. வார இறுதி வேண்டவே வேண்டாம். ஜீப்பில் ஏறும் முன், வேறு ஆள் ஏற்றக்கூடாது என்று பேசிவிட்டு ஏறுங்கள்.